மலைச்சரிவில் வாணவேடிக்கை

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே, தேர் லயங்களையெல்லாம் சுற்றி நிலைக்கு வந்து சேர்வதற்குள் நள்ளிரவு கடந்துவிடும். காவடி எடுத்தவர்கள் முதுகிலே விபூதியைப் பூசிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். தப்படித்தவர்கள் குளிரில் தொய்ந்த தோலை நெருப்பிலே காட்டிச் சூடேற்றுகிறார்கள். ஆயினும் சனம் கலைவதில்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பிள்ளைகளை மடியிலே கிடத்திக்கொண்டு, எல்லாரும் ஒரே திசையை நோக்கியபடி இருக்கிறார்கள். கீழே விளையாட்டு மைதானத்திலே டோர்ச் வெளிச்சமொன்று அங்குமிங்கும் அலைகிறது, குனிகிறது, நிமிர்கிறது, சில வேளை அசையாமல் நின்றுவிடுகிறது. அது அணைந்த பின்புதான் வாணம் எழும் என்பது சிறு பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வாணம் எழுந்த பின்னர் அந்த வெளிச்சத்தை ஒருவரும் நினைப்பதில்லை. அதைக் கையில் வைத்திருந்த மனிதரைப் பற்றியும், அவர் அன்று பகல் முழுவதும் அந்த மைதானத்திலே என்ன செய்தார் என்பதைப் பற்றியுமே எழுத விரும்புகிறேன்.

அதற்கு முன்னர் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று சுவரொட்டிகளிலும் திருவிழா அழைப்பிதழ்களிலும் 'வானவேடிக்கை' என்று அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. வானத்திலே நிகழும் வேடிக்கைதானே, இரண்டு சுழி போதாதா என்று எண்ணுகிறார்கள் போலும். உண்மையில் இது மூன்று சுழி வாணம். பாணம் என்னும் வடசொல் தமிழிலே வாணமாயிற்று. அம்பு என்பது அதன் பொருள். நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் கருவிக்கு அம்பின் பெயரை இட்டார்கள். ஈர்க்கை வாலாகக் கட்டிய ஈர்க்குவாணத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். ஆசிரியர்கள் சிவப்பு மையாலே திருத்தட்டும். நானும் திருத்தியிருக்கிறேன். ஆனால், திருத்தும்போது ஒவ்வொரு முறையும், பிழை எழுதிய மாணவனும் அண்ணாந்து பார்த்துத்தானே எழுதினான் என்ற எண்ணம் வராமற் போவதில்லை.

அம்பு என்ற பெயரிலே இன்னொரு வரலாறும் அடங்கியிருக்கிறது. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவிலே தாம் கண்ட காட்சிகளோடு வாணவேடிக்கையையும் குறித்துவைத்தார். இந்தியாவின் வாணவேடிக்கை வரலாற்றை ஏடுகளிலிருந்து தேடித் திரட்டிய பி. கே. கோடே என்னும் அறிஞர் 1953இல் வெளியிட்ட நூலிலே இத்தகைய சான்றுகள் பல உண்டு. விழாவிலே சிரித்த அதே வாணம் போர்க்களத்திலே சீறியது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை ஆங்கிலக் கம்பனிப் படையை முறியடித்தபோது, இரும்புக் குழாயிலே மருந்து கெட்டித்த வாணங்கள் அங்கே பறந்தன. பின்னர் இங்கிலாந்திலே கொங்கிரீவ் என்பவர் உருவாக்கிய போர்வாணத்துக்கு மைசூர் வாணமே முன்மாதிரியாயிற்று. கொல்வதற்கும் மகிழ்விப்பதற்கும் ஒரே மருந்து, ஒரே குழாய். வேறுபாடெல்லாம் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம், எவ்வளவு தூரத்தில் மனிதர் நிற்கிறார்கள் என்பதிலேதான்.

இலங்கை மலைநாட்டுக்குக் கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட பின்னரும் வந்து சேர்ந்த மக்களிற் பலர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளைச் சேர்ந்தவர்கள். சிவகாசியும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால், இவர்களுடைய முன்னோர் கப்பலேறிய காலத்திலே சிவகாசியில் பட்டாசு ஆலை கிடையாது. அங்கே தீப்பெட்டித் தொழில் தோன்றியதே 1920களில். பட்டாசு அதற்கும் பின்னால். ஆகவே, அம்மக்கள் ஊர்க் கோயிலிலே கண்டு மனத்தில் ஏந்தி வந்த வாணம் ஆலைச் சரக்கன்று. வாணக்காரர் கையாற் கட்டிய வாணம். இன்று நிலைமை வேறு. இலங்கையிலே வாணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் நீர்கொழும்பை அடுத்த கிம்புலாப்பிட்டிய. கப்பலில் வந்திறங்கும் சரக்கும் உண்டு. பட்டாசுக்குச் 'சீனவெடி' என்ற பெயர் நம்மவர் நாவிலே நிலைத்திருப்பதே அதற்குச் சான்று.

இனி மைதானத்துக்கு வருவோம்.

பெரிய வாணவேடிக்கையிலே ஈர்க்குவாணத்துக்கு முதலிடமில்லை. அங்கே குண்டுதான் அரசன். அவுட்டு என்பாரும் உளர். காகிதத்தைப் பசையிட்டு ஒட்டி ஒட்டித் தேங்காய்போல் உருட்டிய ஓடு; அதன் நடுவிலே ஓட்டைப் பிளக்கும் மருந்து; அம்மருந்தைச் சுற்றிப் புளியங்கொட்டையளவிலும் நெல்லிக்காயளவிலும் உருட்டி உலர்த்திய மருந்துருண்டைகள். இவ்வுருண்டைகளே வானத்திற் பூவாய் விரிபவை. இவற்றை வரிசை பிசகாமல் அடுக்கினால் வானத்திலே வட்டம் வட்டமாயிருக்கும். கை நடுங்கி அடுக்கினால் ஒரு பக்கம் சப்பிப் போயிருக்கும். குண்டின் அடியிலே தனிப் பொட்டலமாகக் கருமருந்து கட்டப்பட்டிருக்கும். வெடியுப்பு முக்கால் பங்கு, மரக்கரி நூற்றுக்குப் பதினைந்து, கந்தகம் நூற்றுக்குப் பத்து என்பது அதன் பழைய அளவு. இந்தக் கருமருந்து குழாயின் அடியிலே வெடித்துக் குண்டை மேலே தள்ளுகிறது. தள்ளும் அந்தக் கணத்திலேயே குண்டின் உட்செல்லும் மெதுதிரியும் பற்றிக்கொள்கிறது. குண்டு ஏறி, ஏற்றம் தீர்ந்து, இறங்கத் தொடங்குவதற்கு முன்னுள்ள அந்த ஒரு கணத்திலே திரி உள்மருந்தைத் தொடவேண்டும். முந்தினால் ஏறும்போதே சிதறும். பிந்தினால் இறங்கி வந்து சனத்தின் தலைமேல் விரியும். திரியின் நீளத்திலே அரை அங்குலம் கூடக்குறைய இருப்பதென்பது இத்தொழிலிலே சிறிய விஷயமன்று.

நிறங்களின் கதை தனிக் கதை. சிவப்புக்கு ஸ்ட்ரோன்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு என்று இரசாயன மாணவர்கள் சுவாலைச் சோதனையிலே படிப்பதுதான். நீலம் எல்லாவற்றிலும் கடினம். சூடு சிறிது மிஞ்சினாலும் வெளுத்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பொற்றாசியம் குளோரேற்று கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே ஆழ்ந்த நிறங்கள் எளிதாயின. 1749இல் இலண்டனிலே ஹாண்டல் என்னும் இசைமேதை அரச வாணவேடிக்கைக்கென்று இசை அமைத்தபோது, வானத்திலே பெரும்பாலும் பொன்னிறமும் வெண்மையுந்தான். அன்று மேடை மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. இசை மட்டும் பிழைத்துக்கொண்டது.

குண்டுக்கு அளவு அதன் குறுக்கு விட்டம். மூன்றங்குலக் குண்டு, ஆறங்குலக் குண்டு என்று சொல்வார்கள். அங்குலம் ஒன்றுக்கு நூறடி உயரம் ஏறும் என்பது வாணக்காரரின் கைக்கணக்கு. தூரத்துக்கும் ஒரு கணக்குண்டு. அமெரிக்காவிலே தீத்தடுப்புச் சங்கத்தார் வகுத்த விதியில், அங்குலம் ஒன்றுக்கு எழுபதடி தள்ளியே சனம் நிற்கவேண்டும். மூன்றங்குலத்துக்கு 210 அடி. ஆறங்குலத்துக்கு 420 அடி. எந்தப் பக்கமும் அத்தனை அடி வெறுமையாயிருக்கவேண்டுமானால் எவ்வளவு நிலம் வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கணக்கிட்டுச் சொல்லிவிடுவான்: மூன்றங்குலக் குண்டொன்றுக்கு மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம், ஆறங்குலத்துக்குப் பன்னிரண்டரை ஏக்கருக்கு மேல்.

இக்கணக்கு மலைநாட்டிலே வேறொரு பொருள் பெறுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலையை வெட்டித் திருத்திய மக்களுக்கு, அண்மைய ஆண்டுகளின் வீடமைப்புத் திட்டங்களிலே வீடொன்றுக்குக் கிடைத்தது ஏழு பேர்ச் காணி. மூன்றங்குலக் குண்டு ஒன்று பாதுகாப்பாய் வெடிப்பதற்கு ஐந்நூற்றுக்கும் அதிகமான பேர்ச் வேண்டும். எழுபது குடும்பங்களுக்குரிய காணியைக் கைக்குள் அடங்கும் ஒரு காகித உருண்டை கேட்கிறது!

தேயிலைத் தோட்டத்திலே ஏக்கருக்குப் பஞ்சமில்லையே என்று கேட்கலாம். ஏக்கர் உண்டு, சமதரை இல்லை. சமதரை கிடைக்கும் இடத்திலே தொழிற்சாலை இருக்கும், அல்லது பாடசாலை இருக்கும், அல்லது விளையாட்டு மைதானம் இருக்கும். மைதானத்தைச் சுற்றி லயங்கள். அதுவுமன்றி, சமவெளியிலே எழுதப்பட்ட விதி சரிவுக்கு அப்படியே பொருந்துவதில்லை. பள்ளத்து மைதானத்திலிருந்து விட்ட குண்டு முந்நூறடி ஏறி விரியும்போது பணிய லயத்தார் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேல் லயத்தாருக்கோ அது வாசலுக்கு நேரே விரிகிறது. காட்சிக்கு அது பேரழகு. உலகத்துப் பெருநகர மக்கள் உயர்ந்த மாடியிலே இடம் பிடித்துப் பார்க்கும் காட்சியை மேல் லயத்துப் பாட்டி தன் வாசற்படியிலிருந்து பார்க்கிறாள். ஆனால், எரிந்து முடியாத உருண்டை ஒன்று பக்கவாட்டிலே பறந்தால் அதுவும் அதே வாசலுக்குத்தான் வரும். மலைமுகட்டிலே குழாயை நாட்டலாமென்றால், வெடியாத குண்டு சரிவு முழுவதும் உருண்டு எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்வார் யார்?

ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலே இந்த வாதத்தை நேரிற் கேட்டேன். வாணக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். இடது காதிலே சரியாகக் கேட்பதில்லை. கோயில் கமிட்டித் தலைவர் இளைஞர்.

"அண்ணே, போன வருசம் பக்கத்துத் தோட்டத்தில பெரிய குண்டு விட்டாங்க. நம்ம ஆத்தாளுக்கு ஒண்ணாவது அப்படி விட வேணாமா?" என்றார் தலைவர்.

"விடலாம் தம்பி. இந்த லயத்தை மட்டும் இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு அங்கிட்டுத் தூக்கி வச்சிட்டு வாங்க. விடுறேன்" என்றார் அவர்.

தலைவர் சிரித்துவிட்டார். ஆனால், அந்தக் கிழவர் சிரிக்கவில்லை. லயத்திலே ஓர் அறை பற்றினால் ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதும் பற்றும் என்பதை மலைநாட்டிலே பிறந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

குழாய் நாட்டும் வேலை காலையிலே தொடங்கியது. முன்னாளில் இரும்புக் குழாய். இப்போது தடித்த பிளாஸ்டிக் குழாய். குண்டு மேலே போகாமல் குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டால் இரும்பு துண்டு துண்டாய்ப் பறந்து வெட்டும். பிளாஸ்டிக் கிழிந்து மடங்கிப் போகும் என்பதே காரணம். அலவாங்கினாலே குழி பறித்து, குழாயின் நீளத்திலே மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நாட்டி, சுற்றிலும் மணலை இட்டு மிதித்தார்கள். கல்லுள்ள மண்ணை அவர் தொடவிடவில்லை. குழாய்க்குள் வெடித்தால் அந்தக் கல்லும் குண்டாகிவிடுமாம். எல்லாக் குழாய்களும் சனத்துக்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்ந்திருந்தன. எவ்வளவு சாய்வு என்று கேட்டேன். வாயால் விடை சொல்லாமல், மடித்துக் கட்டிய சரத்திலிருந்து ஒரு சிறு கயிற்றை எடுத்தார். அதன் நுனியிலே பழைய பித்தளைத் திருகாணி ஒன்று தொங்கியது. குழாயின் விளிம்பிலே பிடித்துக் காட்டினார். அதுவே அவருடைய தூக்குநூல்.

மாலை மூன்று மணியளவிலே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. அதுவரை நிதானமாயிருந்த மனிதர் அப்போதுதான் பரபரத்தார். ஒவ்வொரு குழாயின் வாயையும் பொலித்தீனால் மூடி, நூலாற் கட்டச் சொன்னார். மழையைவிட மூடுபனிக்கே அஞ்ச வேண்டுமென்பது அவர் கொள்கை. மழை வருவது தெரியும், ஓடி மூடிவிடலாம். மூடுபனியோ சொல்லாமல் வந்து கருமருந்துப் பொட்டலத்திலே குடியேறிவிடும். மருந்து ஈரம் பட்டால் பற்றாமலே போய்விடுமென்று நாம் எண்ணுகிறோம். அப்படிப் போய்விட்டால் நல்லது. பாதி வலுவோடு பற்றுவதுதான் ஆபத்து. முந்நூறடி ஏறவேண்டிய குண்டு நிழல்மரத்தின் உயரம்மட்டும் ஏறித் தயங்கும். உள்ளே திரியோ தன் கணக்குப்படி எரிந்துகொண்டிருக்கும். பின்னர் அது விரிவது வானத்திலன்று.

கையாற் கொளுத்தும் முறை எளிதாகத் தோன்றும். குண்டிலிருந்து குழாய்க்கு வெளியே தொங்கும் திரி, காகிதக் குழலுக்குள்ளே செல்லும் மருந்து நூல். இதிலே ஒரு விந்தை உண்டு. அதே நூல் வெளியிலே எரிந்தால் விநாடிக்கு ஓரங்குலமளவில் நகரும். காகிதக் குழலுக்குள்ளே எரிந்தால் கண் இமைப்பதற்குள் பல அடி பாய்ந்துவிடும். ஆகவே, நுனியிலே சில அங்குலம் மட்டும் காகிதத்தை உரித்து நூலை வெறுமையாய் விடுகிறார்கள். அந்தச் சில அங்குலந்தான் வாணக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம். நீண்ட கழியின் நுனியிலே கட்டிய நெருப்பைக் கை நீட்டித் தொட்டு, முகத்தைத் திருப்பி, இரண்டடி விலகி, முழங்காலிட்டுக் குனிந்துகொள்ளவேண்டும். குழாயின் வாய்க்கு நேரே உடம்பின் எந்தப் பாகமும், ஒரு விரல்கூட, போகலாகாது. வானத்திலே பூ விரியும் கணத்தில் அவருடைய கண் அடுத்த குழாயின் திரியைத் தேடிக்கொண்டிருக்கும். நாற்பது ஆண்டுகளாக வாணம் விடும் அந்த மனிதரிடம், தாம் விட்டவற்றில் எது அழகானது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது சார். பாத்தவங்களைத்தான் கேக்கணும்" என்றார்.

பெரும் நகரங்களிலே இப்போது கைநெருப்பு மறைந்துவருகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் மின்தீக்குச்சி ஒன்று. மயிரிழைபோன்ற கம்பியொன்றின்மேல் மருந்து பூசப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி பழுக்கும், மருந்து பற்றும். கம்பிகள் எல்லாம் தொலைவிலுள்ள பலகைக்குச் செல்லும். அங்கே சாவியிட்டுத் திறந்தாலன்றிப் பொத்தான்கள் உயிர் பெறா. கொளுத்துவதற்கு முன்னர், குச்சி பற்றாத அளவுக்கு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். இசையோடு இயைந்த வேடிக்கையாயின் கணினியே பொத்தானை அழுத்தும். குண்டு ஏறுவதற்கு மூன்று விநாடி வேண்டுமாயின், தாளம் விழுவதற்கு மூன்று விநாடி முன்னரே அது கொளுத்தப்பட்டுவிடும். கொழும்பு காலிமுகத்திடலிலே ஆண்டுப் பிறப்பிரவில் நாம் காண்பது இந்த வகை. அங்கே வாணக்காரருக்கு வேறொரு பாக்கியமும் உண்டு: கடல். எத்தனை அங்குலக் குண்டாயினும் விழுவதற்கு ஆளில்லாத பெருவெளி அது.

மலைநாட்டிலே இந்த மின்முறைக்கும் ஒரு பகை உண்டு. சித்திரை மாதத்துப் பிற்பகல்களிலே இடிமின்னல் வழக்கம். தொலைவிலே விழும் மின்னல்கூட நீண்ட கம்பிகளிலே மின்சாரத்தைத் தூண்டக்கூடும். கொளுத்துவார் இல்லாமலே குண்டு கொளுந்திவிடும். அதனால் இடி கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் விலகிவிடுவதே முறை. தாளத்தின் கதையும் அங்கே பலிப்பதில்லை. எதிர்மலையில் அரை மைல் தொலைவிலே இருப்பவருக்கு ஒளி வந்து இரண்டு விநாடிக்கு மேலான பின்புதான் ஓசை வரும். அந்த ஓசை மலைக்கு மலை மோதி மீண்டும் மீண்டும் வந்துகொண்டேயிருக்கும். முதல் குண்டின் எதிரொலியும் மூன்றாவது குண்டின் ஒளியும் ஒன்றாய்ச் சேரும். இதனை ஒரு குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை.

விபத்துக்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவது நேர்மையன்று. கேரளத்திலே கொல்லம் மாவட்டத்துப் பரவூர்ப் புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆந் தேதி விடியற்காலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். போட்டி வாணவேடிக்கைக்கு அதிகாரிகள் அனுமதி மறுத்திருந்தார்கள், ஆயினும் நடந்தது. கோயில் வளவிலே வெடிகள் குவித்துவைத்திருந்த கட்டடத்திலே தீப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டெம்பர் 5ஆந் தேதி பட்டாசு ஆலையொன்று வெடித்தபோது நாற்பது பேரளவில் மாண்டார்கள். அவர்களிற் பலர் ஆலைத் தொழிலாளரல்லர். முதல் வெடியோசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். இவ்விரண்டிலும் ஆளைக் கொன்றது வானத்திலே விரிந்த வாணமன்று; தரையிலே ஓரிடத்திலே குவிந்திருந்த மருந்து. நம் கோயில்களிலும் கவனிக்கவேண்டியது அதுவே. கொளுத்தும் குழாயிலிருந்து பத்தடி தூரத்திலே மிச்சக் குண்டுகளைச் சாக்கினால் மூடி வைத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே குழாயிலே மீண்டும் மீண்டும் குண்டை இறக்குவதையும் கண்டிருக்கிறேன். முந்திய குண்டின் தீத்துணுக்கொன்று குழாயின் அடியிலே கனன்றுகொண்டிருந்தால், அடுத்த குண்டை இறக்குபவரின் கை என்னாவது? குண்டுக்கொரு குழாய், எல்லாம் பகலிலேயே நிரப்பி முடித்தல் என்னும் வழக்கம் இதனாலேயே வந்தது. அதற்குச் செலவு அதிகம். கமிட்டியார் முகம் சுளிப்பார்கள். 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் நம் நாட்டிலே உண்டு. அனுமதிப் பத்திரமும் உண்டு. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டும் வேலையைச் சட்டம் வந்து செய்யாது. தோட்டத்து இளைஞர் நாலு பேர்தான் செய்யவேண்டும்.

இத்தனை செலவு எதற்கு, நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் சனத்தின் பணம் புகையாய்ப் போகிறதே என்று கேட்கும் படித்தவர்கள் இருக்கிறார்கள். செக்ரோலிலே பிடிக்கும் கோயிற் பணத்தைப் பற்றிய வாதம் மலைநாட்டிலே பழையது. அதிலே நியாயமும் உண்டு. ஆனால், அன்றிரவு ஒலிபெருக்கியிலே வாசிக்கப்பட்ட பட்டியலைக் கேட்டபோது என் வாதம் சற்றுத் தளர்ந்தது. இந்தக் குண்டு இன்ன லயத்து இன்னார் உபயம்: மகன் சாதாரண தரப் பரீட்சையிலே தேறியமைக்காக. இது இன்னார் உபயம்: போன ஆண்டு காலமான தாயாரின் நினைவாக. ஜப்பானிலே நீகாட்டா மாகாணத்தில் கட்டகாய் என்றொரு சிற்றூர். அவ்வூர்க் கோயில் விழாவிலே நாற்பத்தெட்டு அங்குலக் குண்டு விடுகிறார்கள். நிறை நானூறு கிலோவுக்கு மேல்! அங்கும் குண்டுகளெல்லாம் ஊரவர் உபயமே. பிள்ளை பிறந்ததற்கு, திருமணத்துக்கு, இறந்தவர் நினைவுக்கு என்று ஒவ்வொன்றும் அறிவித்த பின்னரே எழும். அவ்வூர்க்காரரும் நம் தோட்டத்தவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

பட்டியல் வாசித்து முடிந்தது. டோர்ச் அணைந்தது. முதற் குண்டு எழுந்தபோது மூடுபனி முழுவதும் விலகியிருக்கவில்லை; பூவின் இதழ்கள் தெரியவில்லை; ஆனால், பள்ளம் நிறைந்திருந்த பனி முழுவதும் ஒரு கணம் செந்நிறமாயிற்று. தேயிலை வரிசைகளும் லயத்துத் தகரங்களும் கோயிற் சிகரமும் அந்த நிறத்திலே மிதந்து மறைந்தன. பின்னர் ஓசை வந்தது. மாட்டுப்பட்டியிலே பசுக்கள் கயிற்றை இழுத்துக் கதறின. நாய்கள் போன திசை தெரியவில்லை. அவற்றுக்கு அது திருவிழாவன்று, இதையும் சொல்லித்தானாகவேண்டும். மைதானத்தின் மேல்விளிம்பிலே, காய்ந்த மானாப்புல் மலையை ஒட்டி, பச்சைக் கொப்புகளோடும் தண்ணீர் வாளிகளோடும் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை. தீப்பொறி எங்கே இறங்குகிறது என்று புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடத்திலே எல்லாம் முடிந்தது.

சனம் கலைந்த பின்னரும் வாணக்காரர் மைதானத்துக்குள் ஒருவரையும் விடவில்லை. தாமும் குழாய்களின் அருகே போகவில்லை. வெடியாத குழாய் ஒன்று இருந்தது. அதிலே தண்ணீர் ஊற்றுவதற்குமுன் அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்றார். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த பிளேன்ரீயைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். குளிர் நன்றாக ஏறிவிட்டது.

விடிந்ததும், பிள்ளைகள் வருமுன்னே அவர் தேடத் தொடங்கிவிட்டார். நாற்பத்திரண்டு குண்டுகள் வைத்தார். ஒன்று குழாயிலே நனைந்து கிடந்தது. நாற்பது வெடித்ததைக் காதால் எண்ணியிருந்தார், அந்த ஒற்றைக் காதால். இன்னொன்று எங்கோ விழுந்திருக்கவேண்டும். மைதானத்துக்குக் கீழேயுள்ள மலையிலே, பனி நனைத்த தேயிலைச் செடிகளுக்கிடையே, இரண்டு இளைஞரோடு நிரை நிரையாய் நடந்து பார்த்தார். கருகிய காகிதத் துண்டுகள் இலைகளின்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. திருவிழாவுக்கு மறுநாளாதலால் அன்று வேலையில்லை. அடுத்த நாள் பெண்கள் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க வருவார்கள். ஏழரை மணியளவிலே கானுக்குள் கிடந்த குண்டை ஓர் இளைஞன் கண்டான். கை வைக்காதே என்று கத்திக்கொண்டு கிழவர் சரிவிலே இறங்கினார். வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஊறி ஓடு பிரியும்வரை பக்கத்திலேயே நின்றார்.